கை நனைத்தது டீயிலா, தண்ணியிலா?

நாக்கு நீளமான ஆட்களை ஊரில் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு பிளேட் பிரியாணிக்காக மூன்று பஸ் மாறிப் போகிறவனைக்கூட 'ருசி தெரிஞ்ச ஆளு' என்று மரியாதையாகச் சொல்வார்கள். ஆனால் யாருக்கும் தெரியாத ருசி ஒன்றைத் தான் மட்டும் கண்டுபிடித்துவிட்டு, மற்றவர்களும் அதைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று தொல்லை கொடுக்கிறவனை யாராலும் சகிக்க முடியாது. நான் இந்த இரண்டாவது ரகம். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. என் குடும்பத்தார் ஒன்றுகூடிப் பேசி எடுத்த முடிவு.

எல்லாம் குன்னூரில் வேலை பார்க்கும் நண்பன் கொடுத்த ஒரு சின்னப் பொட்டலத்தில் ஆரம்பித்தது. வெள்ளை டீயாம். தேயிலைச் செடியில் விரியாத மொட்டை மட்டும் கிள்ளி, வறுக்காமல், உருட்டாமல் அப்படியே காயவைத்தது. மொட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூனைமுடி. "கொதிக்கிற தண்ணிய ஊத்திடாதடா, கெட்டுடும். பாலு, சக்கர வாசனையே காட்டக்கூடாது" என்று கைக்குழந்தையைக் கொடுப்பது போலக் கொடுத்தான்.

நைனார்பாளையத்தில் செல்போன் கடை வைத்திருந்த எனக்கு அதுவரை டீ என்றால் எதிர்க்கடையில் இருந்து வரும், ஆடை படிந்த, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்ட சமாசாரம்தான். முதல் தடவை போட்டுக் குடித்தபோது சுடுதண்ணீர் குடித்தது போலத்தான் இருந்தது. ஏமாந்துவிட்டோம் என்று டம்ளரைக் கீழே வைத்த பிறகு, தொண்டைக்குள் லேசாக ஏதோ இனித்தது. அது என்ன? சர்க்கரை இல்லை. பழம் இல்லை. மறுபடி ஒரு வாய் குடித்தேன். மறுபடி வாயில் ஒன்றும் இல்லை, தொண்டையில் மட்டும் ஏதோ இருந்தது. அந்த 'ஏதோ' எது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

ஆராய்ச்சி தொடங்கியது. தண்ணீரின் சூட்டை அளக்க, வீட்டில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த தெர்மாமீட்டரை உள்ளே விட்டேன். அது ஒருமுறை மின்னிவிட்டு உயிரை விட்டது. (அம்மா இன்றுவரை அதற்குக் கணக்கு கேட்டுக்கொண்டிருக்கிறார்.) பிறகு பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ்கள் வந்ததும் இறக்கிவிட வேண்டும் என்று கண்டுபிடித்தேன். அடுத்து, எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. அதில் டீ போட்டால் அந்த இனிப்பு தலைகாட்டவே இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறி, கரியாலூரில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து வந்தேன்.

அங்கே டிபன் கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் கேட்டே விட்டார். "மலைக்கு வந்தா எல்லாரும் தேனு வாங்கினு போவாங்க, பலா வாங்கினு போவாங்க. நீ இன்னா தம்பி, தண்ணி புடிச்சினு போற? உங்க ஊருல மழையே இல்லியா?"

வீட்டில் ருசி பார்க்க யாரும் அகப்படவில்லை. அப்பா கரும்பு விவசாயி. இனிப்பு கம்மியான எதையும் அவர் பானமாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். எங்களோடு இருந்த அத்தை மட்டும், அதாவது அப்பாவின் தங்கை, எதையும் ஒரு வாய் பார்க்கத் தயங்காதவர். கண்ணை மூடி, நன்றாகக் கொப்பளித்து விழுங்கிவிட்டுச் சொன்னார்: "கோரப்பாய ஊறவெச்ச தண்ணி மாரி கீதுடா."

நான் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் புல்லரித்துவிட்டது. கோரைப்புல்! காய்ந்த புல்லின் வாசனை அதில் நிஜமாகவே இருந்தது. அதற்குப் பின்னால் வெள்ளரிப் பிஞ்சு. அதற்கும் பின்னால் முலாம்பழத்தின் தோல் பக்கத்துச் சதை. நான் தேடிய 'ஏதோ' அகப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து வீட்டுக்கு வந்த யாரையும் நான் சும்மா விடவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட வெள்ளரிப் பிஞ்சு தெரிகிறதா என்று யோசித்துச் சொல்லிவிட்டுத்தான் போக முடிந்தது.

இந்தப் பித்து உச்சத்தில் இருந்தபோதுதான் என் தங்கை அரசியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அரசி கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி, வேலையை எப்போது விடுவாய் என்று. வடக்கனந்தலில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்த கோபி மட்டும், போனில் பேசியபோது, ரத்தத்தில் எதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாராம். அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். "ண்ணா, இந்த எடம் அமையணும்னு எனக்கு ஆசையா இருக்குது" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் அதுவரை எதற்கும் அப்படி ஆசைப்பட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிக்கல் கோபியிடம் இல்லை. அவருடைய தாய்மாமனிடம் இருந்தது. அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தவர். பழைய முறையை விடாதவர். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் பேச்சு முடியும்வரை வெறும் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படக் கூடாது. டீயோ பலகாரமோ உள்ளே போய்விட்டால் 'கை நனைத்துவிட்டார்கள்', அதாவது சம்மதித்துவிட்டார்கள் என்று அர்த்தம். இப்போது பெரும்பாலானவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. வருகிறார்கள், பஜ்ஜி சாப்பிடுகிறார்கள், போனதும் வேண்டாம் என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். மாமா அப்படிப்பட்டவர் அல்ல. அதுவும் அன்று சாயங்காலம் சின்னசேலத்தில் இன்னொரு பெண்ணையும் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டு வந்திருந்தார்.

கோபியோடும் அவர் அம்மாவோடும் வந்து உட்கார்ந்ததும் மாமா அப்பாவிடம் சொன்னாராம்: "ஒண்ணும் வாணாங்க. தண்ணி மட்டும் குடுங்க, போதும். தொண்ட கட்டினு இருக்குது, சுடுதண்ணியா இருந்தா நல்லாருக்கும்."

'சொன்னாராம்' என்றுதான் எழுத முடியும். அப்போது நான் சமையல்கட்டில் இருந்தேன். பக்கத்தில் அத்தை மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அது ஓடினால் அடுத்த தெருவில் இடி விழுந்தாலும் கேட்காது. நான் காலையிலிருந்தே கரியாலூர்த் தண்ணீரைக் காய்ச்சி, மொட்டுகளை ஊறவைத்து, பிளாஸ்க்கில் வெள்ளை டீயைத் தயாராக வைத்திருந்தேன். என் தங்கையின் வாழ்க்கையில் முக்கியமான நாள், எதிர்க்கடைப் பால் டீயா கொடுப்பது? அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று 'எடுத்துனு வா' என்று கையைக் காட்டினார். அரசியிடம் தட்டை நீட்டி, "மொத வாயி குடிக்கறப்ப அவங்க மூஞ்சிய நல்லா பாத்து வந்து சொல்லு" என்று அனுப்பிவைத்தேன்.

கண்ணாடி டம்ளராக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். வீட்டில் இருந்தது எல்லாம் எவர்சில்வர். அதற்குள் லேசான மஞ்சளாக எதையோ பார்த்தால் எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாதி வீடுகளில் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர்தான்.

மிக்சி நின்றது. ஹாலில் இருந்து மாமாவின் குரல் கேட்டது. "அட, நல்லா இருக்குதேங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் வாழ்நாளில் என் டீயைப் பாராட்டிய முதல் மனிதர்! எதற்கும் விட்டுக்கொடுக்காத ஆள் என்று பேர் எடுத்தவர், முதல் வாயிலேயே பிடித்துவிட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மாமா டம்ளரைக் காலி செய்து கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

"டீயி எப்பிடிங்க இருந்துச்சு?" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"எந்த டீயி?"

"இப்ப நீங்க குடிச்சீங்களே, அதாங்க. கடைசியில வெள்ளரிப் பிஞ்சு தெரிஞ்சுதா?"

மாமா டம்ளரைப் பார்த்தார். தன் அக்காவை, அதாவது கோபியின் அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அத்தை சட்னிக் கையோடு ஓடிவந்து, "டீ குடிச்சிட்டாங்களா? அப்ப கை நனைச்சாச்சு! அண்ணி, கேசரிய எடுங்க!" என்று முழங்கினார்.

"இன்னாங்க இது அநியாயமா இருக்குது!" மாமா எழுந்தே விட்டார். "நான் தண்ணிதான கேட்டேன்? தண்ணின்னு டீயக் குடுத்து சம்மதம் வாங்குவீங்களா? இதுதான் உங்க வூட்டு நாணயமா?"

அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஊரில் யாரும் அவரை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் அரசி நின்றுகொண்டிருந்தாள். அவள் ஆசைப்பட்ட ஒரே இடத்தை நான் ஒரு பிளாஸ்க்கில் ஊற்றிக் கெடுத்துவிட்டேன். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

கோபியின் அம்மாதான் பேச்சைத் திருப்பினார். "இருடா தம்பி. டீயின்னா பாலு எங்க? சக்கர எங்க? அது சுடுதண்ணிதான்டா. தண்ணிதான நாம குடிச்சது? கெளம்பு, சின்னசேலத்துக்கு நேரமாவுது."

மாமா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "அதான! நான் குடிச்சது தண்ணி. எனக்குத் தெரியாதா?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடியிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் என் டீயைத் தண்ணீர் என்று ஒருவர் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. "அது தண்ணி இல்லீங்க!" என்று கத்தி, உள்ளே ஓடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து காட்டினேன். மொட்டு, பூனைமுடி, குன்னூர், குமிழ் என்று மூச்சுவிடாமல் விளக்கினேன்.

விசித்திரம் என்னவென்றால், கோபம் அப்படியே இருக்க, எல்லோருக்கும் ஆவலும் வந்துவிட்டது. மாமா ஒரு மொட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "இன்னாது இது, எலி வாலாட்டம்?" என்றார். அவர் அக்கா வாங்கி முகர்ந்து, "வைக்கப்போரு வாசன அடிக்குதுடா" என்றார். அத்தை பிளாஸ்க்கைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் ஒரு வாய் குடித்து, டீதான் என்று சாட்சி சொன்னார்கள். (அப்பா உட்பட. சர்க்கரை இல்லாத ஒன்றை டீ என்று அவர் சொன்னது அன்று ஒருநாள்தான்.)

"உங்க சாட்சி செல்லாதுங்க" என்றார் மாமா.

"அப்ப நீங்களே குடிச்சுப் பாத்து சொல்லுங்க" என்றார் அத்தை.

மாமா கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்தினார். தண்ணீரா என்று தெரிய அதைக் குடித்துப் பார்க்க வேண்டும். குடித்துப் பார்த்து அது டீயாக இருந்துவிட்டால், இந்தத் தடவை தெரிந்தே கை நனைத்ததாகிவிடும். அவர் தன் பக்கத்து ஆட்களைத் திரும்பிப் பார்ப்பதற்குள், ஆவல் அடக்க முடியாமல் கோபியின் அம்மா ஒரு விரலை டம்ளருக்குள் விட்டுவிட்டார்.

"ஐயோக்கா, கைய நனைக்காத!" என்று அலறினார் மாமா.

கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "பொண்ணக் கூப்புடுங்க. அதுதான எடுத்துனு வந்து குடுத்துச்சு? இன்னா குடுத்துச்சுன்னு அது வாயால சொல்லட்டும். ஒத்துக்கறேன்."

அரசி வந்து நின்றாள். டீ என்று சொன்னால் ஏமாற்றிய குடும்பம் என்று ஆகும். தண்ணீர் என்று சொன்னால் அவர்கள் கிளம்பிவிடுவார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நேராகக் கோபியைப் பார்த்தாள்.

"நான் குடுத்தது இன்னான்னு குடிச்சவங்கதாங்க சொல்லணும்" என்றாள்.

கோபி எழுந்துவந்து, பிளாஸ்க்கில் இருந்து தானே ஊற்றிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார். வெள்ளை டீயை அவ்வளவு நிதானமாக ஒருவர் குடித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. டம்ளரை முழுக்கக் காலி செய்துவிட்டு மாமாவிடம் திரும்பினார்.

"டீதான் மாமா."

"டேய்! நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிச்சுட்டேன். டீதான்."

மாமா அப்பாவின் கையைப் பிடித்து, "தப்பா ஒரு வார்த்த வந்துடுச்சு, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். உட்கார்ந்ததும் தன் டம்ளரை நீட்டினார். "ஊத்துங்க. ஆனா சக்கர போட்டு." போட்டேன். குன்னூர் நண்பனுக்கு மட்டும் இதை இன்றுவரை சொல்லவில்லை. சின்னசேலத்துக்காரர்களிடம் மாமா போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேசரி வந்துவிட்டது.

கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, எல்லோரும் கரியாலூர் போயிருந்தபோது கோபியிடம் ஆசையாகக் கேட்டேன். "மாப்ள, அன்னிக்கு உங்களுக்கு எது மொதல்ல தெரிஞ்சுது? புல்லு வாசனையா, வெள்ளரிப் பிஞ்சா?"

"உண்மைய சொல்லட்டா மச்சான்? ஒண்ணுமே தெரியல. சுத்தமா சுடுதண்ணி."

"அப்ப ஏன் டீன்னு சொன்னீங்க?"

"உங்க தங்கச்சி கேட்டாங்க இல்ல?"

பின்னால் வந்துகொண்டிருந்த அரசி, அது தனக்கு அப்போதே தெரியும் என்றாள். கண்ணை மூடினபோதே தெரிந்துவிட்டதாம்.

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்திலும் அது ஒரு பேச்சாகிவிட்டது. ஒன்றும் புரியாமல், அன்புக்காக ஒருவர் ஆமாம் போட்டால் அதற்குப் பெயர் 'டீதான்'. போன வாரம் புது மொட்டு வாங்கி, ஒரு மணி நேரம் பாடுபட்டுப் போட்டு என் மனைவியிடம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். "எப்பிடி?" என்றேன்.

"டீதான்" என்றாள்.