உங்களுக்கு வேலை உண்டு, போங்க!

உட்கார்ந்த பிறகுதான் ஜெயக்குமாருக்கு உறைத்தது, மேஜையின் தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று.

ஆனால் ஏ.சி. காற்று அந்த நாற்காலிக்குத்தான் நேராக வந்தது. மதுராந்தகத்திலிருந்து பஸ் மாறி வந்ததில், மாமாவின் கோட்டுக்குள் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மாமல்லபுரத்தில் ஒன்றைப் போலவே இன்னொன்றாக வரிசையாய் ரிசார்ட்டுகள். ஒரு வாசலில் அவன் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் துரை சல்யூட் அடித்து இந்த அறையைக் காட்டிவிட்டார். சட்டை காய்ந்ததும் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்ளலாம்.

மெக்கானிக்கல் முடித்து, டேட்டா என்ட்ரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் ஒட்டவில்லை. இன்று ரிசப்ஷன் வேலைக்கு இண்டர்வியூ. இதாவது ஒட்டுமா?

கதவு திறந்தது. ஒரு பெண் கைகட்டி நின்றாள்.

"வேண்டா சார்."

"என்ன வேண்டாம்?"

"என் பேரு சார். ரூம் சுத்தம் பண்ற வேலை. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. இந்த வேல இல்லன்னா வூட்ல அடுப்பு எரியாது சார்." அழத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, அழாதீங்கக்கா. உங்களுக்கு வேலை உண்டு, போங்க!"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் கும்பிட்டுவிட்டு ஓடினாள். வெளியே ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தால், வாசலில் வரிசை!

அடுத்து வந்தவர் ரிசார்ட் பெயர் போட்ட சட்டையையே மாட்டிக்கொண்டு வந்திருந்தார். இதல்லவா தயாரிப்பு! ஜெயக்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அண்ணே, நான் ஆபீசர் இல்ல. நானும் உங்கள மாதிரிதான்..."

"இன்னா சார், இம்மாம் பெரிய மன்சு உங்களுக்கு! பரோட்டா மாஸ்டர் சுப்பிரமணி சார். ஒரு தபா துண்ணு பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

தட்டு வந்தது. காலையிலிருந்து சாப்பிடாத வயிறு. தின்ற பிறகு எப்படி இல்லை என்பது?

"உங்களுக்கும் உண்டு."

அதன்பின் தோட்டக்காரர் மோகனுக்கு இல்லை என்றால் நியாயமா? நீச்சல் குளத்துக்காரருக்கு? துணி துவைப்பவருக்கு? எல்லாருக்கும் கொடுத்தான். அத்தனை பேருக்கும் தங்கள் வேலை என்னவென்று தெரிந்திருந்தது. அவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. இனி தெரிந்தும் பயனில்லை. மிச்சம் ஒரு வேலையாவது இருக்குமா என்ன?

ரிசப்ஷன் பெண் வைஷாலி தலையை நீட்டினாள். "சார், இன்னொரு கார் வருது. உங்ககூட வந்தவங்களா?"

"ஆமா... நானே போய் கூட்டிட்டு வரேன்!"

கோட்டைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். துரை குறுக்கே வந்து, அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"விட்ருங்கண்ணே, தெரியாம பண்ணிட்டேன்..."

துரையின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஆளக் கொறைக்க வந்த ஆபீசருங்கள்ல, ஒருத்தன் சீட்டக்கூட கிழிக்காம போறது நீங்க ஒருத்தர்தான் சார்!"