கோட்டையாரும் இரண்டு ஹம்மீர்களும்

லண்டனில் இருந்துகொண்டு ராஜபுத்திரர்களுக்காகக் கவலைப்பட்ட ஒரே யாழ்ப்பாணத்தான் எங்கள் கோட்டையார்தான். இதை எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன்.

எண்பத்தேழில் லண்டனின் மோர்டன் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். எல்லாருக்கும் மூத்தவர் அவர். பக்கத்துச் சட்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தார். நூல்நிலையம் ஒன்று கழித்துப் போட்ட புத்தகக் குவியலில், ராஜஸ்தானில் உள்ள ரண்தம்போர் என்ற மலைக்கோட்டையின் சரித்திரம் அவர் கையில் அகப்பட்டது. அதோடு அவருக்குக் கோட்டையார் என்ற பட்டம் வந்தது, எங்கள் நிம்மதி போயிற்று.

ஒருநாள் குசினிக்குள் போனால், அரிசி மூட்டையின் உச்சியில் ரைஸ் குக்கர். சுற்றிவரக் காய்கறிகள்.

"தம்பி, மிதிச்சுப் போடாதேயும். மூட்டை மலை, குக்கர் கோட்டை. உருளைக்கிழங்கு சவுகான், வெங்காயம் சிசோதியா, கத்தரிக்காய் கச்சவாகா. எல்லாம் ராஜபுத்திரக் குலங்கள்."

"இந்தச் சின்னக் கிழங்கு?"

"அது ஹாடா. ஹாடாவும் சவுகான்தான். ஆனா சவுகான் இல்லை."

"விளங்கேல்லை அண்ணை."

"கிளை ஐசே! கோட்டையை வைச்சிருந்த ஹம்மீர் சவுகான், டெல்லி சுல்தான் கில்ஜியோட அடிபட்டுச் செத்தவன். பிறகு ஹம்மீர் வந்து கோட்டையைப் பிடிச்சவன்."

"செத்தவன் எப்பிடி அண்ணை வாறது?"

"இது வேற ஹம்மீர்! சிசோதியா ஹம்மீர்!"

பசி தாங்காமல் நாங்கள் அன்று சவுகான்களைக் குழம்பு வைத்தோம். வேலையால் வந்தவர் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "கில்ஜி கூட இப்பிடிச் செய்யேல்லையடா!" என்று கத்தினார். பிறகு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பெற்றோல் நிலையத்தில் இன்னும் மோசம். ஒரு வாடிக்கையாளர் நீட்டிய காசோலையில் சவுகான் என்ற பெயர் இருந்தது. கோட்டையார் எழுந்து நின்றுவிட்டார். நீங்கள் ஹாடாவா, அசல் கிளையா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அந்த மனிதர் உகண்டாவில், கம்பாலாவில் பிறந்த குஜராத்தி. தான் மருந்துக்கடை வைத்திருப்பதாகவும், பெற்றோல் மட்டும் போதும் என்றும் சொன்னார். கோட்டையார் விடவில்லை. உங்கள் ஆட்கள் கோட்டையை இழந்தது எப்படி என்று தொடங்கினார். பின்னால் ஒன்பது கார்கள் ஹோர்ன் அடித்தன. சவுகான் பயந்துபோய் மிச்சக் கதைக்கு அடுத்த கிழமை வருவதாகச் சொல்லித் தப்பினார். ஆச்சரியம் என்னவென்றால், வந்தார். தகப்பனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த ஐப்பசியில் ஊரில் பெரிய சண்டை மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் இல்லை, கடிதம் இல்லை. அம்மா உயிரோடு இருக்கிறாவோ என்று தெரியாமல், ஒரு ஞாயிறு மத்தியானம் டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோட்டையார் புத்தகத்தோடு வந்து எதிரில் இருந்தார்.

"முற்றுகையில மலைக்கு மேல அரிசி முடிஞ்சுபோச்சு, தம்பி..."

எனக்கு வந்த கோபத்தில் மரியாதை பறந்தது. "ஊரில ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு தெரியேல்லை. உங்களுக்கு எவனோ ஒருத்தன்ர கோட்டையோ?"

அவர் புத்தகத்தை மூடினார்.

"அதுதான் தம்பி. இந்தக் கோட்டையில ஆர் செத்தாலும் எனக்குச் சொந்தமில்லை. முந்தியே செத்திட்டினம். பயப்பிடாமல் வாசிக்க ஏலும்."

அவருடைய தங்கையும் மூன்று பிள்ளைகளும் சண்டை நடந்த கொக்குவிலில் இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவர் சொல்லி எனக்குத் தெரியவந்தது. ஒரே வீட்டில் ஒரு வருடம் இருந்தும் நான் கேட்டதில்லை.

நாலு மணிக்கு டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து மாமா. அம்மா சாவகச்சேரியில் பத்திரமாக இருந்தா. நான் அழுதேன். கோட்டையார் என் முதுகைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினார். அவருக்கு ஒருவரும் எடுக்கவில்லை.

கேத்தில் கொதிக்கும்வரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அண்ணை, அரிசி முடிஞ்ச பிறகு என்ன நடந்தது?" என்றேன்.

தங்கையின் கடிதம் வந்து சேர மூன்று கிழமை ஆனது. எல்லாரும் சுகம். அதுவரை ஒவ்வொரு நாளும் ஷிப்ட் முடிந்து வந்து, அவருக்கு முன்னால் இருந்து, ஒன்றும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.