உரிய நேரம் நிர்ணயக் குழு

துக்கத்துக்குச் சீனியாரிட்டி கண்டுபிடித்த உலகின் முதல் அலுவலகம் எங்களுடையது. சரித்திரம் இதை ஒரு நாள் ஒப்புக்கொள்ளத்தான் போகிறது. அதுவரை பொறுக்க முடியாததால், குழுவின் செயலாளர் என்ற முறையில் நானே எழுதிவைக்கிறேன்.

கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது எங்கள் வேலை. ஒரு கிலோ என்பது ஒரு கிலோதான் என்று நாங்கள் சொன்னால்தான் ஊர் நம்பும். அப்பேர்ப்பட்ட இடத்துக்குத் தலைமையகம் ஒரு மனநல ஆலோசகரை அனுப்பிவைத்தது. செவ்வாய்தோறும் வருவார். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: ‘தேவைப்படும் ஊழியர்கள் உரிய நேரத்தில் ஆலோசகரை அணுகலாம்.’

அணுகலாம், சரி. உரிய நேரம் எது? மேலாளர் உடனே ‘உரிய நேரம் நிர்ணயக் குழு’ அமைத்தார். ஏழு முறை கூடினோம்.

“தூக்கம் வரலைன்னா போகலாமா?” என்று ஆரம்பித்தார் பரிசோதகர்.

“எனக்கு இருபது வருஷமா தூக்கம் வரல. நான் என்ன பைத்தியமா?” என்றார் மேலாளர்.

“அழுகை வந்தா?”

“எவ்வளவு அழுகை? அளவு சொல்லுங்க.”

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். துக்கத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட எடைக்கல் கிடையாது. எடைக்கல் இல்லாத எதையும் நாங்கள் நம்புவதும் கிடையாது. கடைசியில் நான்தான் வழி சொன்னேன்: அதிக வருஷம் வேலை பார்த்தவருக்கு அதிகத் துக்கம் இருக்கும். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பணிமூப்புப் பட்டியலை அப்படியே நகலெடுத்து, தலைப்பில் ‘மனம்’ என்று எழுதி ஒட்டினோம். முதலில் மேலாளர், அடுத்து நான், அப்புறம் பரிசோதகர். பதினான்காவது இடம் முத்திரைப் பிரிவு அம்மாவுக்கு.

மேலாளர் போகவில்லை. அவர் போகாமல் நான் போவது மரியாதையில்லை. ஐந்து மாதம் ஆலோசகர் தன் அறையில் தனியாக உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போனார். எங்கள் ஊழியர்களுக்கு மனக்குறையே இல்லை என்று அறிக்கை அனுப்பினோம். தலைமையகம் பாராட்டியது.

இந்த நேரம் பார்த்து முத்திரைப் பிரிவு அம்மா என் மேஜைக்கு வந்தார்.

“சார், எங்கக்கா தவறிப்போய் நாலு மாசம் ஆச்சு. முத்திரைக் கட்டையக் கையில எடுத்தா, எதுக்கு எடுத்தேன்னு மறந்துபோயிடுது. வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழறேன். என்னைப் பார்த்தாலே புள்ளைங்க பயப்படுதுங்க. ஆலோசகரைப் பாக்கணும் சார்.”

“தாராளமாப் பாருங்கம்மா. உங்களுக்கு முன்னாடி பதிமூணு பேர் இருக்கோம்.”

“நீங்க யாரும் போகலையே?”

“எங்களுக்கு என்னம்மா கேடு?”

“அப்ப பட்டியல்லேருந்து பேரை எடுத்துடலாமே சார்?”

நன்றாக இருக்கிறது! முப்பத்தோரு வருஷம் உழைத்துச் சம்பாதித்த சீனியாரிட்டியை யாராவது விட்டுக்கொடுப்பார்களா?

பக்கத்தில் நின்ற மேலாளர் தங்கமான மனிதர். “கொஞ்சம் முத்தட்டும்மா. முத்தினா சிறப்பு அனுமதி போட்டுக்கலாம்” என்றார் ஆதரவாக.

“முத்தினதுக்கப்புறம் வந்து கேக்கற நிலைமையில இருப்பேனா சார்?”

நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி என்பதால் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மா பதிவேட்டை மூடிவைத்தார். பதின்மூன்று மேஜைகளையும் தாண்டி நடந்தார். ஆலோசகரின் கதவைத் தட்டி உள்ளே போய்விட்டார். அப்படி எட்டுச் செவ்வாய் போனார். விளைவு விபரீதமானது. முத்திரை நேராக விழ ஆரம்பித்தது. ஒரு நாள் அக்கா பேச்சு வந்தபோது அழுதார். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தார். இன்னொரு நாள் சிரித்தே விட்டார்.

குழு அவசரமாகக் கூடியது. குற்றச்சாட்டைத் தயாரித்தோம்: ‘பதின்மூன்று மூத்தவர்களைத் தாண்டி, உரிய நேரத்துக்கு முன்பே, அனுமதியின்றி நலமடைந்தமை.’ குற்றச்சாட்டு ஓலையைக் கொடுக்க நானே நேரில் போனேன்.

அந்த அம்மா அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“உட்காருங்க சார். முகமெல்லாம் வாடிக் கெடக்கு. நீங்க நல்லாருக்கீங்களா?”

முப்பத்தோரு வருஷத்தில் இந்த அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது, விவரம் கேட்டிருக்கிறது. இதை யாரும் கேட்டதில்லை. நல்லாத்தான் இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தராசும் கையுமாக வரிசையில் நின்ற கடைக்காரர்களுக்கு முன்னால், சுவர்க் கடிகாரப்படி பதினொரு நிமிஷம் அழுதேன்.

விதிப்படி மேலாளர் அழுத பிறகுதான் நான் அழ வேண்டும். வரிசை மீறி என்னை அழவைத்ததை அந்த அம்மாவின் இரண்டாவது குற்றமாகச் சேர்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டேன்.