அனுமந்தையில் நிற்காத பஸ்

கூச்சப்படுகிறவர்களை எல்லாம் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் என்ன நடக்கும்? மின்விசிறிச் சத்தம் நன்றாகக் கேட்கும்.

2005-இல் மரக்காணத்தில் ஓர் உப்பள முதலாளியிடம் எடை போடும் வேலையில் இருந்தேன். போன் அடித்தால் குடோனுக்குள் ஓடி ஒளிவேன். நொந்துபோன முதலாளி, சனிக்கிழமைதோறும் என்னைப் பாண்டிச்சேரி மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார். என்னைப் போன்றவர்களுக்கு அங்கே கூட்டாக மனப்பயிற்சி. பயப்படுவதைச் செய்து பார்க்க வேண்டும். என்ன ஆகும் என்று நினைத்தோம், நிஜத்தில் என்ன ஆனது என்று வந்து சொல்ல வேண்டும். (செத்துப்போவேன் என்றுதான் எப்போதும் நினைப்பேன்.)

குழுவில் ஸ்டெல்லா என்று ஒருத்தி, அனுமந்தைக்காரி. திரும்பும்போது இருவருக்கும் ஒரே எக்ஸ்பிரஸ் பஸ். கேட்டால்தான் அனுமந்தையில் நிறுத்துவார்கள். அவளுக்குக் கேட்க வாய் வராது. தன் ஊரைத் தாண்டி மரக்காணம் வரை வந்து, டவுன் பஸ் பிடித்துத் திரும்பிப் போவாள். முன் சீட்டில் உட்கார்ந்திருப்பவள், ஊர் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்து அசடு வழியச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வாரம் முழுக்க உப்பு நிறுத்தேன். அவளுக்குக் குணமாகிவிடக் கூடாதே என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

கடைசி வாரம் எனக்குக் கிடைத்த பயிற்சி, பிடித்த ஒருவரை டீ குடிக்கக் கூப்பிடுவது. யாரென்று சொல்லாமல், பயிற்சி கொடுத்த டாக்டரம்மாவிடமே ஒத்திகை பார்த்தேன். மரக்காணத்தில் இறங்கியதும் ஸ்டெல்லாவைக் கேட்டுவிடுவதென்று முடிவு.

அனுமந்தை நெருங்கியது. அவள் எழுந்தாள்.

“அண்ணே, அனுமந்தை! நிறுத்துங்கண்ணே!”

பிரேக் போட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று கை தட்டினேன், தன்னந்தனியாக. மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்தது.

அவள் கீழே இறங்கி ஜன்னலோரம் வந்தாள். “பாத்தீங்களா, கேட்டுட்டேன்! நீங்க?”

“நான்... மரக்காணம்” என்றேன்.

“ஏம்பா, எறங்கறியா இல்லியா? கை தட்டறதுக்கா டிக்கெட் எடுத்த?” என்று கண்டக்டர் விசிலை ஊதினார்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஊர் தெரியும், தேடிப் போயிருக்கலாம். அதற்குத் தனியாக ஒரு பயிற்சி வேண்டியிருந்தது, வகுப்போ முடிந்துவிட்டது.

மனைவிக்கு இதை நானே சொல்லித் தொலைத்தேன். குடும்பத்தோடு பாண்டிச்சேரி போகும்போது அனுமந்தை வந்தால் போதும், “ம், தட்டுங்க” என்பாள். பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே தட்டுவேன். இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்துப் பேசுகிறேன். எந்த பஸ்ஸையும் எந்த ஊரிலும் நிறுத்தச் சொல்லும் வாய் வந்துவிட்டது. அனுமந்தையில் மட்டும் இன்னும் நிறுத்தச் சொன்னதில்லை.