கைதட்ட உத்தரவு தருபவர்

எங்கள் வியன்னாவில் புறாவுக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் பிராணி ஒன்று உண்டு. வடிவஞானி என்று அதற்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். நாமெல்லாம் கச்சேரிக்கு இசை கேட்கப் போவோம். வடிவஞானியோ அது ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்கப் போவார். மூன்றாம் வரிசை ஓரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து, சொனாட்டா என்ற இசை வடிவத்தின் முதல் மெட்டுக்கு ஒரு விரல் நீட்டி, சுருதி மாறி வரும் இரண்டாம் மெட்டுக்கு இரண்டு விரல் நீட்டி, நடுவில் இரண்டும் கட்டிப் புரளும்போது முகம் சுளித்து, கடைசியில் முதல் மெட்டு தன் சொந்தச் சுருதிக்குத் திரும்பியதும், ஓடிப்போன பிள்ளையே வாசலில் வந்து நின்ற மாதிரி "வந்துட்டான்" என்று பெருமூச்சு விடுவார். வராமல் எங்கே போகும்? இருநூறு வருஷத்துக்கு மேலாக அதே இடத்தில்தானே வந்துகொண்டிருக்கிறது!

ஒரு படைப்பின் நான்கு பாகமும் முடிந்த பிறகுதான் கைதட்ட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். யாராவது வெளியூர்க்காரர் நடுவில் தட்டிவிட்டால் தீர்ந்தது. வடிவஞானி பார்க்கிற பார்வையில் பாவம், அந்த மனிதர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவிப்பார்.

எங்கள் பேட்டை வடிவஞானி திருவாளர் வெஸெலி, ஓய்வுபெற்ற டிராம் பரிசோதகர். போன நவம்பரில் என் மகள் ரொமானா வயலின் வாசிக்கும் நால்வர் குழுவின் முதல் கச்சேரிக்கு வந்திருந்தார். கைதட்டலைப் பார்த்துத்தான் அடுத்த கச்சேரிப் பருவத்துக்குக் கூப்பிடுவேன் என்று மண்டபத்துக்கார அம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் மூன்று நாளாக யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

இடைவேளையில் ஹாம் இறைச்சி வைத்த ரொட்டியை மென்றுகொண்டே வெஸெலி எல்லோரையும் எச்சரித்தார். கடைசியில் வருவது ரோண்டோவாம். முதல் மெட்டு திரும்பத் திரும்பத் தலையைக் காட்டுமாம். எழுதியவர் பெரிய குறும்புக்காரராம். முடிந்த மாதிரி நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பாராம். "ஏமாந்து தட்டிடாதீங்க. நான் விரலை இறக்கினப்புறம் தட்டுங்க."

அப்படியே நடந்தது. வாத்தியங்கள் நின்றன, விரல் உயர்ந்தது, மறுபடி ஆரம்பித்தன. இன்னொரு தரமும் அப்படியே. மண்டபமே அவரைப் பக்தியோடு பார்த்தது. மூன்றாம் தரம் நின்றன. விரல் உயர்ந்தது. நின்றது நின்றதுதான்.

நால்வரும் எழுந்து வணங்கினார்கள். சத்தமே இல்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இன்னொரு தரம் வணங்கினார்கள். செல்லோக்காரன் வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்தான். என் மனைவி குஸ்டி மெதுவாகக் கேட்டாள்: "பெட்டியையே மூடிட்டாங்களே, இன்னுமா பாக்கி இருக்கு?"

"என்னமா நடிக்கிறாங்க பாருங்க," என்றார் வெஸெலி, விரலை இறக்காமல்.

மண்டபத்துக்கார அம்மாள் விளக்கை அணைத்தாள். அடுத்த பருவமும் அதோடு அணைந்தது.

டிராமில் ரொமானா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்: "மத்தவங்களை விடுங்கப்பா. நீங்க ஏன் தட்டல?"

பெற்ற அப்பன் நான். வாத்தியங்கள் மூன்றாம் தரம் நின்றபோதே எனக்குக் கை துறுதுறுத்தது. இவனுக்கு இசையில் ஒரு மண்ணும் தெரியாது என்று யாராவது நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு அழுத்தி உட்கார்ந்திருந்தேன். இதை மகளிடம் சொல்ல முடியுமா?

"முடிவு கொஞ்சம் தெளிவா இல்லம்மா," என்றேன். பாவி!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்தச் சபையிலாவது நீங்கள் முதல் ஆளாகக் கைதட்டியது எப்போது? அவசரமில்லை, பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.