பஸ் ஓடியது, படம் நின்றது

எங்கள் குடும்பத்தில் ஒருவர் அவமானப்பட்டால் அது குறைந்தது நான்கு நாடுகளில் கொண்டாடப்படும். நான் பட்டது இன்னும் கொண்டாட்டத்தில் இருக்கிறது. ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மா சொல்லும் கதையில் நான் விம்மி விம்மி அழுகிறேன். லண்டன் சித்தப்பாவின் கதையில் கணினியைத் தூக்கி முற்றத்தில் எறிகிறேன். இரண்டும் பிழை. அச்சுக்குப் போகுமுன் பத்திரிகையில் பிழை பார்க்கும் ஒப்புநோக்காளராக நான்கு வருடம் இருந்தவள் நான். ஓர் ஊரின் பெயரில் ஓர் எழுத்துத் தப்பினாலும் மறுநாள் திருத்தம் போடுவோம். என் கதைக்கு இதுவரை யாரும் திருத்தம் போடவில்லை. ஆகவே நானே போடுகிறேன். மன்னிப்புக் கேட்கும் எண்ணம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகை தன் பக்கங்களைக் குறைத்தபோது என்னையும் சேர்த்துக் குறைத்தது. கோப்பாயில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து, கணினியில் பஸ் ஓட்டும் விளையாட்டை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கினேன். நோர்வேயிலிருக்கும் யாரோ ஒரு புண்ணியவான் யாழ்ப்பாணத்திலிருந்து சாவகச்சேரி வரையான வீதியை அந்த விளையாட்டுக்குள் அப்படியே கட்டி வைத்திருந்தார். (அப்படியே என்றால், கைதடியில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடு உட்பட.) நான் ஸ்டியரிங்கையும் பிடித்து, கொண்டக்டரைப் போல இடங்களின் பெயரையும் கூவுவேன். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். அரியாலையில் நிறுத்தாமல் போனதற்காக ஜேர்மனியிலிருந்து ஒருவர் என்னோடு கோபித்துக்கொண்டார். அதை நான் தொழில் அங்கீகாரமாக எடுத்துக்கொண்டேன்.

அப்பா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் உள்ளவை இரண்டு வகை அவருக்கு: நேரத்துக்கு வந்தவை, வராதவை. அவருடைய பழைய நண்பர், பஸ் சாரதியாக இருந்த தருமு மாமா, தன் மருமகன் முகாமையாளராக இருக்கும் லீசிங் கொம்பனியில் எனக்கொரு வேலை பேசி வைத்திருந்தார். நேர்முகத்துக்கும் போய்வந்தேன். மருமகன் என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, ரை என்ற கழுத்துப்பட்டி இறுக்கிய நீளமான கழுத்தை மேசைக்கு மேலால் நீட்டி, "கொம்பியூட்டரிலை ரைப் பண்ணத் தெரியுமோ?" என்று கேட்டார். நான்கு வருடம் பத்திரிகையில் இருந்தவளிடம்.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். அப்பா ஒரு பந்தயம் வைத்தார்.

"பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் ஹோலிலை இருந்து ரீவியிலை பாப்பம். யாழ்ப்பாணத்திலை வெளிக்கிட்ட பஸ் இடையிலை நிக்காமல் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தால், நீ லீசிங்குக்குப் போகத் தேவையில்லை. நிண்டால், அடுத்த நாள் சாறியைக் கட்டு."

"ஓம்" என்றேன். பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்ட எனக்குத் தெரியும். படம் நிற்கக்கூடும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் தருமு மாமா வெள்ளைச் சேட்டோடு சாட்சியாக வந்து இறங்கினார். நான் அவருடைய போனை வாங்கி எங்கள் வீட்டு வைஃபையில் இணைத்துக் கொடுத்தேன். அப்பாவின் போனையும் அம்மாவின் போனையும் முன்பே இணைத்திருந்தேன். விருந்தினருக்குத் தேத்தண்ணி கொடுப்பதுபோல இப்போது அதுவும் ஓர் உபசாரம்தானே. பிறகு அறைக்கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பஸ்ஸை எடுத்தேன்.

நேரலை என்பது ஒரு நொடிக்கு முப்பது படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணையத்தில் அனுப்புவது. இந்தப் படங்களைத்தான் ஃபிரேம் என்கிறோம். போகும் வழி நெருக்கமாக இருந்தால் மென்பொருள் காத்துக்கொண்டு நிற்காது. சில ஃபிரேம்களை வீசிவிட்டு அடுத்ததைப் பார்க்கும். வீசியது எவ்வளவு என்று திரையின் அடியில் ஓர் எண் காட்டும், பக்கத்தில் ஒரு சின்னச் சதுரமும் இருக்கும். சதுரம் பச்சை என்றால் சுகம். சிவப்பு என்றால், பார்ப்பவர்களுக்குப் படம் நின்றுவிட்டது.

அரியாலை தாண்டுகையில் சதுரம் மஞ்சளானது. இன்னும் கொஞ்சம் போக, சிவப்பு.

கதவைத் தட்டி அம்மா கத்தினார். "பிள்ளை, நிக்குது! உன்ரை முகம் வாயைத் திறந்தபடி நிக்குது!"

"ரீவியை நிப்பாட்டாதையுங்கோ, பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கு!" என்று நானும் கத்தினேன்.

பின்னால் அப்பாவின் குரல் அமைதியாகக் கேட்டது. "நிண்ட நேரத்தைப் பாத்து வையுங்கோ, தருமண்ணை."

அதன் பிறகு நான் ஒரு நிபுணரைப்போல நடந்துகொண்டேன். அதாவது, காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினேன். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி படத்தின் தரத்தைக் குறைத்தேன். எண் ஏறியது. கணினிக்குச் சூடு என்று அதன் பக்கத் தகட்டைக் கழற்றி, மேசை விசிறியை அதன் வயிற்றுக்குள் பிடித்தேன். எண் ஏறியது. வைஃபை பெட்டியை யன்னலில் வைத்தேன், அலுமாரிக்கு மேல் வைத்தேன், உலோகம் சிக்னலைத் திருப்பி அனுப்பும் என்று எங்கோ வாசித்த ஞாபகத்தில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றை அதன் முதுகில் சாத்தினேன். கோயில் ஒலிபெருக்கியில் சந்தேகம் வந்து யன்னலைப் பூட்டினேன். (ஒலிபெருக்கிக்கும் இணையத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த நேரத்தில் எனக்கும் அறிவுக்கும்கூடத் தொடர்பு இருக்கவில்லை.) நான் எதைத் தொட்டாலும் எண் ஏறியது.

நாவற்குழிப் பாலம் தூரத்தில் தெரிந்தபோது எனக்கு வெறுத்துப்போயிற்று. படம் போகவில்லை என்றால் எதுவும் போகவில்லை என்றுதான் நம்பினேன். தனியறையில் தனக்குத்தானே பேசும் ஒருத்தியின் சுதந்திரத்தோடு வாயைத் திறந்தேன்.

"போகட்டும். நாளைக்குச் சாறியைக் கட்டிக்கொண்டு போய், உந்த ரை கட்டின கொக்குக்கு முன்னாலை இருந்து 'ஓம் சேர், ஓம் சேர்' எண்டு தலையாட்டுறதிலும் பாக்க, இந்த பஸ்ஸோடை நாவற்குழிக் கடலுக்கை இறங்கிறது நல்லம்!"

சொல்லிவிட்டு, பஸ் ஒரே வேகத்தில் போகும்படி பொத்தானை அழுத்தினேன். ஹெட்போனைக் கழற்றி எறிந்து (லண்டன் சித்தப்பா கவனிக்க: எறிந்தது ஹெட்போன் மட்டும்) ஹோலுக்கு ஓடினேன்.

அங்கே நான் கண்டது இது. ரீவியில் என் முகம், ஒரு கண் பாதி மூடி, வாய் முழுக்கத் திறந்தபடி. அதற்கு முன்னால் நீட்டிய மூன்று கைகள். மூன்று கைகளிலும் மூன்று போன்கள். அம்மா ரொறன்ரோவுக்கு வீடியோ கோல். அப்பா லண்டனுக்கு வீடியோ கோல். தருமு மாமா சாவகச்சேரிக்கு, மருமகனுக்கு.

"அக்கா, வடிவாத் தெரியுதோ? இன்னும் கிட்டப் பிடிக்கட்டோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

என் நேரலை வெளியே போகவேண்டிய அதே ஒற்றை வழியில், என் நேரலையின் நேரலை மூன்று தரம் போய்க்கொண்டிருந்தது. படம் நிற்க நிற்க, அது ஏன் நிற்கிறது என்று காட்டுவதற்காக இவர்கள் இன்னும் கிட்டப் பிடித்தார்கள்.

அப்போதுதான் இரண்டு விடயங்கள் ஒன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்று, நெருக்கத்தில் மென்பொருள் வீசுவது படங்களை மட்டும்தான். குரல் பாரமில்லாதது, அது எப்படியும் போய்ச் சேரும். மற்றது, நான் பேசுவது ரீவிக்கு வர அரை நிமிடம் பிந்தும்.

"அப்பா, ரிமோட்டைத் தாங்கோ!"

"கத்தாதை, நீ ரீவியிலை கதைக்கிறது கேக்குதில்லை."

"அதுதான் அப்பா, கேக்கக் கூடாது!"

நான் ரீவிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றேன். குரலைக் கைகளால் மறைக்க முடியாது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து என் குரலே, ஓர் எழுத்தும் தப்பாமல், ரை கட்டின கொக்கு உட்பட வந்தது. அது ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சாவகச்சேரிக்கும் போனது.

தருமு மாமாவின் போனில் இருந்த கழுத்து மெல்ல நீண்டது. "மாமா, நான் பிறகு எடுக்கிறன்" என்றது. திரை கறுத்தது. அப்பா லண்டனைத் துண்டித்தார். பெரியம்மா சிரித்த சிரிப்பில் அம்மாவும் பயந்து துண்டித்தார்.

மூன்று கோல்களும் நின்றதும் படம் உயிர் பெற்றது. அன்றைக்கு முழுவதும் கிடைக்காத தெளிவு. ஒரு ஃபிரேம்கூட விடுபடாமல், சாரதி இல்லாத என் பஸ் பாலத்தின் ஓரக் கட்டையில் ஏறி, பொறுமையாகச் சரிந்து, தண்ணீருக்குள் போனதை நாங்கள் நால்வரும் பார்த்தோம்.

தருமு மாமாதான் முதலில் பேசினார். "சீற்றை விட்டு எழும்பினால் ஹான்ட் பிறேக் போடவேணும் பிள்ளை."

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பஸ் வந்து சேரேல்லை."

பெரியம்மா கவனிக்க: நான் அழவில்லை. மறுநாள் காலை சாறியைக் கட்டினேன், பேச்சுப் பேச்சுத்தானே. கொண்டைக்கு ஊசி குத்திக்கொண்டிருக்கையில் தருமு மாமா அப்பாவுக்குப் போன் எடுத்து, அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாயிற்றாம் என்றார். அப்பா போனை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாறியை மாத்தாதை" என்றார். "அடுத்த பஸ் எத்தினை மணிக்கு?"

அன்று நான் சாறியோடு ஓட்டினேன். புறப்படுமுன் அப்பா வீட்டிலுள்ள போன்களை எல்லாம் வாங்கி, பாண் வைக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டு, மூடியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சாவகச்சேரியில் பஸ்ஸை நிறுத்தியபோது ஹோலிலிருந்து அப்பாவின் பழைய டிப்போ விசில் கேட்டது. நேற்றும் அந்த விசில் கேட்டது.

வாயைத் திறந்தபடி நின்ற என் முகம் இப்போது குடும்பத்துக்கே பொதுச் சொத்து. கோப்பாயில் கரண்ட் போனாலும் ரொறன்ரோவில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும் எழுதிச் சொல்வதில்லை, அந்தப் படத்தை அனுப்புகிறார்கள். பெரியம்மாவின் பேத்தி அதைத் தேத்தண்ணிக் கோப்பையில் அச்சடித்து அனுப்பியிருக்கிறாள். அப்பா அதில்தான் குடிக்கிறார்.

போன மாதம் தருமு மாமாவின் மருமகன் தன் புது வீட்டுக் குடிபுகுதலுக்குச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே பஸ்ஸில் இருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றியவர், யாரும் கேட்காமலே சேட்டுப் பையிலிருந்த போனை எடுத்துப் பாண் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் கதிரையில் இருந்தாராம். அம்மா சொன்னார்.

ஆகவே திருத்தம். நாவற்குழியில் இருப்பது கடல் அல்ல, கடல்நீரேரி. அது நானே சொன்ன பிழை, வருந்துகிறேன். மருமகன் எங்கள் வீட்டுக்கு ரை கட்டி வரவில்லை, அந்த விபரமும் இனிப் பழையது. கொக்கில் மாற்றம் இல்லை.