சோபாவில் ஓர் ஆதாரம்

முப்பத்திரண்டு கட்டுரைகளிலும் ஒரே ஆதாரம்தான் இருந்தது: ‘விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.’

தலைப்போ, ‘வீட்டு வேலைகளில் ஆண்களும் பங்கெடுக்க வேண்டும்.’ தகப்பன் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவ வேண்டும் என்று எந்த விஞ்ஞானி ஆராய்ந்தார் என்பது சாருஜா டீச்சருக்கு விளங்கவில்லை. வெள்ளவத்தையில் பதினொரு வருடமாகத் தமிழ் படிப்பிக்கும் அவர், போன மாதம்தான் நுகேகொடையில் ‘கட்டுரையில் பல்வகை ஆதாரங்கள்’ என்ற பயிற்சிக்குப் போய், ஒரு சான்றிதழும் இரண்டு பட்டீஸும் பெற்று வந்திருந்தார். அந்த அறிவை வீணாக்கலாமா?

“எந்த விஞ்ஞானி?” என்று தரம் பத்து வகுப்பைக் கேட்டார்.

“எல்லா விஞ்ஞானியும்தான் டீச்சர்,” என்றான் நிரோஷன்.

“அது ஆதாரம் இல்லை. புள்ளிவிபரம் வேணும். திருப்பி எழுதிக்கொண்டு வாங்கோ.”

மறுநாள் புள்ளிவிபரம் கொட்டியது. தொண்ணூற்றேழு வீதமான கணவர்கள் கோப்பை கழுவுவதில்லை. மிச்ச மூன்று வீதமும் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

“இதெல்லாம் எங்கை எடுத்தனீங்கள்?”

“வீட்டுல டீச்சர்,” என்றாள் ருஷ்தா.

“வீட்டிலை எண்டா? ஆர் கண்டது? சாட்சி வேணும். பேட்டி எடுங்கோ.”

சாட்சிகள் வந்தார்கள். பெருநாளுக்கு முந்திய நாள் முழுக்க ருஷ்தாவின் வாப்பா ஜாபிர் படுத்தே கிடந்ததாக மேல்மாடி அன்ரி வாக்குமூலம் தந்திருந்தார். கட்டுரைகளில் பதினைந்து வயதுக்குக் கொஞ்சம் கூடுதலான கோபம் தெரிந்தது. அதைத் தன் கற்பித்தலின் வெற்றி என்று டீச்சர் எடுத்துக்கொண்டார்.

“நல்லம். ஆனா சாட்சி பொய் சொல்லலாம். நேரடி அவதானிப்பு வேணும். திகதி, நேரம், படம்.”

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

வியாழக்கிழமை ருஷ்தாவின் கட்டுரையில் ஜாபிரின் படங்கள் நான்கு ஒட்டப்பட்டிருந்தன. நான்கிலும் ஒரே சோபா. காலை 9.10, 10.40, பகல் 12.25, பின்னேரம் 4.05. கீழே ஒரு குறிப்பு: ‘இடையில் ஒருமுறை புரண்டார்.’ நிரோஷன், தகப்பன் திருத்துவதாகச் சொன்ன தண்ணீர்க் குழாய்க்கு ஆறு வருட வரைபே கீறியிருந்தான்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து விறாந்தை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்.

பெற்றோர் கூட்டம் எதற்கும் எட்டிப் பார்க்காத தகப்பன்மார் பதினேழு பேர், தங்கள் படம் பள்ளிக்கூடத்தில் தொங்குவதைக் கேள்விப்பட்டு, திங்கள் காலை அதிபர் அறையை நிறைத்தார்கள். கையில் டீச்சரை இடமாற்றச் சொல்லும் மனு.

“இது கட்டுரையோ, பொலிஸ் முறைப்பாடோ டீச்சர்?” என்றார் அதிபர் நாகேந்திரம்.

“என்ட லீவு நாள்ல என்ட சோபாவுல நான் படுக்கிறது என்ன குத்தம்?” என்றார் ஜாபிர்.

டீச்சர் மனுவைப் பார்த்தார். பதினொரு வருட வேலை. ஆனாலும் கேட்டுவிட்டார்:

“பிள்ளையள் எழுதினதிலை ஒண்டையாவது பொய் எண்டு காட்டுங்கோ பாப்பம்.”

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். மனுவில் ‘காரணம்’ என்ற இடம் வெறுமையாகவே கிடந்தது. நிரப்பினால் படங்களையும் இணைக்க வேண்டிவரும்.

வீட்டில் மனைவி உள்ள அதிபர் தொண்டையைச் செருமினார். “பலகையிலை இருக்கிறதுகளை மட்டும் கழட்டிவிடுங்கோ டீச்சர்.”

இப்படி எழுதும் பிள்ளைகள் இலங்கையில் வேறெங்கே இருக்கிறார்கள் என்ற பெருமிதத்தோடு டீச்சர் வெளியே வந்தார். படியடியில் காத்து நின்ற ருஷ்தாவின் உம்மா பைறோஸா, அவர் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னார்:

“டீச்சர், நாங்க உம்மாமார், அம்மாமார் எல்லாரும் வட்ஸ்அப் குறூப்புல கதச்சோம், இந்தக் கட்டுரைகள எழுதி எழுதி எங்களுக்குக் கை நல்லாப் பழகிட்டு, புள்ளைகளுக்குப் பாத்து எழுதுற வேல மட்டும்தானே, அதால அடுத்த தலைப்ப மாமியாரப் பத்தித் தாங்க, போட்டோ எல்லாம் இப்பவே ரெடி.”